பட்டை ஸ்பிரிங் ஜீப்புக்கு வலுவான பின் ஆக்சில்: எதைத் தேர்ந்தெடுப்பது?

திருமூர்த்தி அடிவாரம் (உடுமலை)

அனைவருக்கும் வணக்கம். உடுமலைக்குத் தெற்கே, திருமூர்த்தி மலையின் அடிவாரத்தில் எங்களுக்குத் தென்னந்தோப்பு இருக்கிறது. சாளையிலிருந்து (தோட்டத்து வீட்டிலிருந்து) கரட்டுக்கு மேலுள்ள தோட்டத்துக்குப் போவதற்கு எங்கள் பட்டா நிலத்துக்குள்ளேயே ஓடும் ஒரே ஓர் இட்டேரிதான் (இருபுறமும் வேலியுள்ள வண்டித்தடம்) வழி. அது இரண்டு இடங்களில் பள்ளத்தில் இறங்கி, உருண்டைக் கற்களின் மேல் ஏறிப் போகிறது. தேங்காய் இறக்குவதற்கும், உரமூட்டை ஏற்றுவதற்கும், மழைக்காலத்தில் ஆட்களைக் கூட்டிச் செல்வதற்கும் 1990களில் வாங்கிய டீசல் ஜீப் ஒன்றைத்தான் இன்றும் நம்பியிருக்கிறோம். நான்கு சக்கரங்களுக்கும் பட்டை ஸ்பிரிங், முன்னும் பின்னும் முழு ஆக்சில் ஹவுசிங், ஆக்சிலுக்குள் இருக்கும் பல்சக்கர ஜோடியான கிரௌன் பினியன் 8/39 (பினியனில் 8 பல், கிரௌனில் 39 பல்), அதாவது 4.88 விகிதம்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, 28 அங்குல உயரமுள்ள பழைய டயர்களைக் கழற்றிவிட்டு, 8 அங்குல அகல ரிம்முடன் 31 அங்குல டயர்களைப் போட்டேன். டயர் போய் ஸ்பிரிங் பட்டையில் உரசியதால் பின் சக்கரங்களுக்கு 30 மி.மீ. தடிமனுள்ள ஸ்பேசர் தட்டும் வைத்தேன். அதன் பிறகு 14 மாதங்களுக்குள் இடப்பக்கப் பின் ஆக்சில் ஷாப்ட் இரண்டு முறை முறிந்துவிட்டது. இரண்டாம் முறை 350 கிலோ தேங்காயுடன் தம்பி வண்டியை இறக்கிக்கொண்டிருந்தபோது சக்கரமே கழன்று இட்டேரி ஓரத்துக் கள்ளி வேலியில் போய் விழுந்தது. வேகம் குறைவாக இருந்ததால் யாருக்கும் அடிபடவில்லை. ஆனால் அன்றிலிருந்து அந்த வண்டியில் வீட்டாரை ஏற்ற எனக்கு மனம் வரவில்லை.

எனவே பின் ஆக்சிலையே மாற்றிவிட எண்ணுகிறேன். கண்ணில் பட்ட வழிகள் மூன்று. முதலாவது, கோவை உக்கடத்துப் பழைய சாமான் கடை ஒன்றில் கிடக்கும் சிறு சரக்கு லாரியின் ஃபுல் ஃப்ளோட்டிங் ஆக்சில். இரண்டாவது, பிற்காலத்து ஜீப் ஒன்றிலிருந்து கழற்றிய, இரண்டு சக்கரங்களையும் ஒன்றாகப் பூட்டும் டிஃபரன்ஷியல் லாக்குடன் கூடிய ஆக்சில். அதன் விகிதம் 3.73 என்று விற்பவர் சொல்கிறார். மூன்றாவது, வெளிநாட்டுக் காணொளிகளில் எல்லோரும் புகழும் அமெரிக்க ஆக்சில்களான டானா 60 அல்லது ஃபோர்டு 9 அங்குல ஆக்சிலை வரவழைப்பது. முறிந்த ஷாப்டின் படத்தையும் இணைத்திருக்கிறேன். ஸ்பிளைன் (ஷாப்டின் முனையில் நீளவாக்கில் வெட்டிய பற்கள்) இருக்கும் இடத்தில் அதன் விட்டம் 33 மி.மீ. அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

சங்ககிரி பட்டறை

தம்பி, உங்கள் படத்தைப் பெரிதாக்கி நெடுநேரம் பார்த்தேன். எந்த ஆக்சிலை வாங்குவது என்ற கேள்விக்குப் போகும் முன் இந்த ஷாப்ட் எதனால் முறிந்தது என்பதைப் பார்த்துவிட வேண்டும். ஏனென்றால் விடை அந்த முறிந்த முகத்திலேயே இருக்கிறது.

முறுக்கு தாங்காமல் போன ஷாப்டில் ஸ்பிளைன் பற்கள் கயிறு திரித்ததுபோல் ஒரு பக்கமாகத் திரும்பியிருக்கும். மிகக் கடினமான இரும்பாக இருந்தால் ஏறத்தாழ 45 பாகைச் சாய்வில் சுருள்போல் பிளந்திருக்கும். உங்கள் ஷாப்டில் இரண்டுமே இல்லை. ஸ்பிளைன் நேராக இருக்கிறது. முறிவு வெளிப்பக்கப் பேரிங் உட்காரும் இடத்தை ஒட்டி, அறுத்ததுபோல் நேர்குறுக்காக இருக்கிறது. முகத்தின் முக்கால் பாகம் வழவழப்பாக, கிளிஞ்சல் ஓட்டின் கோடுகளைப்போல் வரிவரியாகத் தெரிகிறது. மிச்சமுள்ள கால் பாகம்தான் சர்க்கரைக் கட்டி உடைந்ததுபோல் சொரசொரப்பாக இருக்கிறது. அந்த வரிகள் ஒரே நாளில் வந்தவை அல்ல. ஒரு மயிரிழை வெடிப்பு விளிம்பில் தொடங்கி, சக்கரம் சுற்றச்சுற்றக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போயிருக்கிறது. கடைசியில் மிஞ்சிய கால் பாகத்தால் தாங்க முடியாமல்தான் அன்றைக்கு விழுந்திருக்கிறது. இது முறுக்கினால் வந்த முறிவு அல்ல. வளைவினால் வந்த சோர்வு முறிவு.

வளைவு எங்கிருந்து வந்தது? உங்கள் ஆக்சில் செமி ஃப்ளோட்டிங் வகை. அதில் ஷாப்ட் சக்கரத்தைச் சுற்றுவதோடு நிற்பதில்லை, வண்டியின் பாரத்தையும் அதுவே சுமக்கிறது. அகல ரிம்மும் ஸ்பேசரும் சேர்ந்து டயரின் நடுக்கோட்டைப் பேரிங்கை விட்டு வெளியே தள்ளியிருக்கின்றன. நுகத்தடியின் நுனியில் பாரத்தைக் கட்டினால் கழுத்து வலிப்பதுபோல்தான் இது. லாரியில் ஷாப்டை உருவி வெளியே எடுத்தாலும் வண்டி சக்கரத்தின் மேல் அப்படியே நிற்கும். ஹப் இரண்டு பேரிங்குகளின் மேல் ஹவுசிங் முனையிலேயே சுற்றுவதால் ஷாப்டுக்கு முறுக்கைத் தவிர வேறு சுமை கிடையாது. அதுதான் ஃபுல் ஃப்ளோட்டிங். இரண்டாம் உலகப் போரில் ஓடிய வில்லிஸ் ஜீப்பின் பின் ஆக்சிலும் இந்த வகைதான் என்பது பலருக்குத் தெரியாது.

ஒரே பக்கம் இரண்டு முறை முறிந்திருப்பதால் எனக்கு இன்னொரு சந்தேகமும் இருக்கிறது. ஹவுசிங் குழாய் வளைந்திருக்கலாம். சமதளத்தில் நிறுத்தி, ஆக்சில் மைய உயரத்தில் இரண்டு பின் டயர்களுக்கும் இடையிலுள்ள தூரத்தை முன்பக்கமும் பின்பக்கமும் அளந்து பாருங்கள். ரிம்மின் கோணலை ஆக்சிலின் கோணல் என்று எண்ணிவிடாமலிருக்க, வண்டியை அரைச் சுற்று உருட்டி மறுபடியும் அளக்க வேண்டும்.

பீளமேடு லேத்

சங்ககிரி அண்ணன் சொன்னதை எண்களால் சரிபார்க்க முயன்றேன். அவர் சொல்வது சரி என்றே கணக்கும் காட்டுகிறது.

சுமையோடு பின் ஆக்சிலின் மேல் 1,000 கிலோ இருப்பதாகவும், காய்ந்த பாறையில் டயரின் பிடிப்பு 0.8 என்றும், 31 அங்குல டயரின் ஆரம் 0.39 மீட்டர் என்றும் வைத்துக்கொள்வோம். டயர் வழுக்குவதற்கு முன் பின் ஆக்சில் ஏற்கக்கூடிய முறுக்கு அதிகபட்சம் 3,060 நியூட்டன் மீட்டர். எஞ்சின் 120 நியூட்டன் மீட்டர், முதல் கியர் 4 மடங்கு, லோ கியர் 2.46, ஆக்சில் 4.88 என்று பெருக்கினால் 5,760 வருகிறது. அதாவது எஞ்சின் எவ்வளவு முறுக்கினாலும் நிலம் அதில் பாதியைத்தான் வாங்கிக்கொள்ளும்; மீதி டயர் சுற்றி வீணாகும். சாதாரண டிஃபரன்ஷியல் அந்த 3,060ஐ இரண்டு ஷாப்டுகளுக்கும் சமமாகப் பிரிப்பதால் ஒன்றுக்கு 1,530. 33 மி.மீ. ஷாப்டில் இதனால் உண்டாகும் முறுக்கு அழுத்தம் ஏறத்தாழ 215 மெகாபாஸ்கல். நன்றாகக் கடினப்படுத்திய கலப்பு எஃகு இதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் தாங்கும்.

வளைவுக்கு வருவோம். பேரிங்கிலிருந்து டயர் நடுக்கோடு முன்பு 50 மி.மீ. தள்ளி இருந்தது என்று கொண்டால், ரிம்மும் ஸ்பேசரும் சேர்ந்து இன்னொரு 50 மி.மீ. தள்ளியிருக்க வாய்ப்பு உண்டு. பாரம் மாறாமலேயே வளைவு இருமடங்காகிவிடுகிறது. சக்கரம் ஒவ்வொரு சுற்றுக்கும் ஷாப்டின் ஒரே இடத்தை ஒருமுறை இழுத்து ஒருமுறை நசுக்குகிறது. 31 அங்குல டயருக்கு ஒரு கிலோமீட்டருக்கு 400 சுற்றுக்கு மேல். இப்படி மாறிமாறி வரும் அழுத்தம் இருமடங்கானால் எஃகின் ஆயுள் பாதியாக அல்ல, பல மடங்கு குறைந்துவிடும்.

இதனால்தான் உங்களுடைய இரண்டாவது வழி எனக்குச் சரியாகத் தோன்றவில்லை. அதுவும் செமி ஃப்ளோட்டிங்காக இருந்தால் நோய் அப்படியே நீடிக்கும். அதோடு டிஃபரன்ஷியல் லாக் பிடித்திருக்கும்போது ஒரு சக்கரம் அந்தரத்தில் நின்றால், பின் ஆக்சில் ஏற்கும் முறுக்கு முழுவதும் தரையைத் தொடும் ஒற்றை ஷாப்டுக்குப் போய்விடும். லாக் வேண்டுமென்றால் ஷாப்டின் பலத்தை அதற்கேற்ப முதலில் உயர்த்த வேண்டும். ஷாப்டின் முறுக்கு பலம் விட்டத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது என்பதால், அதே வரிசையில் சிறியதான டானா 44இல் வரும் 1.31 அங்குல ஷாப்டிலிருந்து டானா 60இன் 1.5 அங்குல ஷாப்டுக்குப் போனால் பலம் ஒன்றரை மடங்காகிறது. ஆனால் டானா 60இன் கிரௌன் 9.75 அங்குலம், டானா 44இன் கிரௌன் 8.5 அங்குலம்; அதற்கேற்ப கிரௌனை மூடியிருக்கும் ஹவுசிங் உருண்டையும் கீழே இறங்கும். பெரிய டயர் போட்டு நீங்கள் பெற்ற தரை இடைவெளி ஒன்றரை அங்குலந்தான். அதில் ஒரு பகுதியை ஆக்சிலே திரும்ப வாங்கிக்கொள்ளும். பள்ளத்து உருண்டைக் கற்களில் முதலில் தட்டுவது அந்த உருண்டைதான். ஃபோர்டு 9 அங்குல ஆக்சிலில் பினியன் இன்னும் தாழ்வாக உட்காருவதால் ஆக்சிலுக்கு விசையைக் கொண்டுவரும் புரொப்பல்லர் ஷாப்டும் தாழ்ந்துவிடும். சிறந்த ஆக்சில்கள்தான், மறுக்கவில்லை; ஆனால் உங்கள் எஞ்சினுக்கும் உங்கள் இட்டேரிக்கும் அவை தேவையில்லை.

என் கருத்தில் முதல் வழியே, அதாவது ஃபுல் ஃப்ளோட்டிங் ஆக்சிலே, நோயின் வேரைத் தொடுகிறது. விகிதம் மட்டும் பொருந்த வேண்டும்.

கொல்லிமலை ஓட்டுநர்

விகிதம் பற்றி அண்ணன் கடைசியில் ஒரு வரியில் சொன்னதை நான் சற்று விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் இதைக் கவனிக்காமல், முன் பின் ஆக்சில்களுக்கு விசையைப் பிரித்தனுப்பும் டிரான்ஸ்பர் கேஸை உடைத்துக்கொண்டவன் நான். இந்தப் பழைய ஜீப்புகளில் நான்கு சக்கர ஓட்டத்தைப் போட்டதும் முன் புரொப்பல்லர் ஷாப்டும் பின் புரொப்பல்லர் ஷாப்டும் இரும்புப் பிடியாக ஒன்றுசேர்ந்துவிடும். நடுவில் டிஃபரன்ஷியல் கிடையாது. பின்னால் 3.73, முன்னால் 4.88 என்றால் வண்டி தன்னோடு தானே மல்லுக்கு நிற்கும். 5 சதவீத வித்தியாசம் இருந்தாலே 100 மீட்டர் ஓட்டத்தில் முன் சக்கரமும் பின் சக்கரமும் 5 மீட்டர் முரண்படும். மணலில் டயர் வழுக்கி அது கரைந்துவிடும். பாறையில் அப்படிக் கரைய வழியில்லாமல் புரொப்பல்லர் ஷாப்டின் மூட்டிலுள்ள கிராஸ், கியர் என்று எது மெலிதோ அது போய்விடும்.

விற்பவர் சொல்லும் விகிதத்தை நம்ப வேண்டாம். ஹவுசிங்கைத் திறக்காமலே கண்டுபிடிக்கலாம். ஒரு பக்க ஹப்பைச் சங்கிலியால் அசையாமல் கட்டிவிட்டு மறுபக்க ஹப்பைச் சுற்றுங்கள். ஒரு பக்கம் நிற்பதால் இந்தப் பக்கம் இரண்டு சுற்றுச் சுற்றினால்தான் கிரௌன் ஒரு சுற்றுச் சுற்றும். ஹப்பை 16 சுற்றுச் சுற்றி, பினியன் எத்தனை சுற்று வருகிறது என்று சுண்ணாம்புக்கோடு போட்டு எண்ணுங்கள். 39 வந்தால் 8/39. 43 வந்தால் 8/43. டிஃபரன்ஷியல் லாக் உள்ள ஆக்சிலில் மட்டும் இந்த முறை சரிவராமல் போகலாம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். செலவைக் குறைப்பதாகச் சொல்லி டிஃபரன்ஷியல் பற்களை வெல்டிங் வைத்துக் கட்டிவிடச் சிலர் ஆலோசனை கூறுவார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். வால்பாறைப் பாதையில் 40. உள்சக்கரமும் வெளிச்சக்கரமும் ஒரே வேகத்தில்தான் சுற்றும் என்ற நிலையில் அந்த வளைவுகளில் ஈரத் தார்ச்சாலையில் வண்டியின் பின்புறம் எந்தப் பக்கம் போகும் என்று ஓட்டுபவருக்கே தெரியாது.

பவானிக்கரை

சட்டப் பக்கத்தையும் மறந்துவிடக் கூடாது. மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவின்படி, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்க இடம் தருகிறது. எந்த ஆக்சிலை எடுத்தாலும் வேலையைத் தொடங்கும் முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்து மூலமாகக் கேட்டுவிடுங்கள். அதே வகை ஆக்சிலை அதே அளவில் மாற்றுவது பழுதுபார்ப்பு; லாரி ஆக்சிலைப் பொருத்துவதை யாரும் அப்படிப் பார்க்க மாட்டார்கள்.

திருமூர்த்தி அடிவாரம் (உடுமலை)

இவ்வளவு பொறுமையாக எழுதிய அனைவருக்கும் என் மனமார்ந்த நன்றி. கடந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு முழு நாளை இதற்கென்றே ஒதுக்கினேன்.

சங்ககிரி ஐயா சொன்னபடி பின் டயர்களுக்கு இடையே அளந்ததில், முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் 6 மி.மீ. வித்தியாசம் இருக்கிறது, வண்டியை உருட்டி அளந்தபோதும் அதேதான். ஸ்பேசரையும் ரிம்மையும் கழற்றி, பழைய ரிம்மோடு ஒப்பிட்டபோது டயர் நடுக்கோடு மொத்தம் 55 மி.மீ. வெளியே போயிருப்பது தெரிந்தது. இரண்டு ஆண்டுகளாக நானே அந்த ஷாப்டை வளைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

மறுநாள் உக்கடம் சென்று அந்த லாரி ஆக்சிலின் ஒரு ஹப்பைக் கட்டி மறு ஹப்பைச் சுற்றினேன். 16 சுற்றுக்குப் பினியன் 41 சுற்று வந்தது. 8/41 என்றால் 5.125. என் முன் ஆக்சிலுக்குக் கடைகளில் கிடைப்பவை 8/39உம் 8/43உம்தான். எதோடு சேர்த்தாலும் 5 சதவீத முரண் வருகிறது. இரட்டைச் சக்கரத்துக்கான ஹப், வேறு போல்ட் வட்டம், அகலமும் கூடுதல். எனவே மனமில்லாமல்தான் அதைக் கைவிட்டேன்.

இப்போதைய எண்ணம் இதுதான்: அதே வகை ஆக்சிலில் வளையாத ஹவுசிங் ஒன்று, இரண்டு பக்கமும் புதிய ஷாப்ட், புதிய பேரிங், டயர் நடுக்கோட்டைப் பழைய இடத்துக்கே கொண்டுவரும் 6 அங்குல அகல ரிம், அதற்குப் பொருந்தும்படி அகலம் குறைந்த 31 அங்குல டயர். கணக்குப் போட்டால் 4.88ஐ 31ஆல் பெருக்கி 28ஆல் வகுக்க 5.40 வருகிறது. ஆகவே முன்னும் பின்னும் 8/43 போட்டால் 5.38 கிடைத்து, பழைய டயரில் இருந்த இழுவை அப்படியே திரும்பிவிடும். தேங்காய்ச் சுமையை இனி டிராக்டர் டிரெய்லருக்கு மாற்றிவிடுவதாக அப்பாவும் ஒப்புக்கொண்டார். இந்தத் தேர்வில் பிழை இருக்கிறதா? பொருத்தும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

பீளமேடு லேத்

பிழை இல்லை. ஃபுல் ஃப்ளோட்டிங் என்று நான் அழுத்திச் சொன்னேன். சுமையும் நெம்பும் குறைந்த பிறகு அந்தத் தேவை போய்விடுகிறது என்பதை ஏற்றுக்கொள்கிறேன். ஒன்றை மட்டும் கவனத்தில் வையுங்கள். எட்டுப் பல்லே இருந்தாலும் 8/43இன் பினியன் தலை 8/39இன் தலையைவிடச் சிறியது. அடிவாங்கும் தாக்கத்துக்கு அது சற்று மெலிந்ததே. அதற்கு ஈடாக, சக்கரத்தில் அதே இழுவைக்குப் பினியனும் புரொப்பல்லர் ஷாப்டும் ஏற்கும் முறுக்கு 9 சதவீதம் குறைகிறது. சக்கரம் அந்தரத்தில் வேகமாகச் சுற்றிக்கொண்டிருக்கும்போது அது திடீரென்று பாறையைக் கவ்வும்படி விடாதீர்கள். சுற்றத் தொடங்கியதும் ஆக்சிலரேட்டரை விட்டுவிடுங்கள்.

சங்ககிரி பட்டறை

நல்ல முடிவு, தம்பி. பொருத்தும்போது கவனிக்க வேண்டியவற்றை என் பட்டறையில் பையன்களுக்குச் சொல்வதுபோலவே சொல்கிறேன்.

பழைய ஹவுசிங் வாங்கும்போது, பட்டை ஸ்பிரிங் உட்காரும் தளங்கள் உங்கள் வண்டியின் இடைவெளிக்கே இருக்கின்றனவா என்று அளந்து வாங்குங்கள். வெல்டிங் இல்லாமல் முடிந்தால் அதைவிடச் சிறப்பு எதுவும் இல்லை. வைத்தே ஆக வேண்டுமென்றால், ஒரே மூச்சில் சுற்றி வைக்காமல், ஓர் அங்குலம் இந்தப் பக்கம், ஓர் அங்குலம் எதிர்ப்பக்கம் என்று ஆறவிட்டு வைக்க வேண்டும். இல்லாவிட்டால் நேரான குழாயை நாமே வளைத்துவிடுவோம். பினியனின் அச்சு டிரான்ஸ்பர் கேஸின் வெளியீட்டு ஷாப்டுக்கு இணையாக இருக்க வேண்டும். பட்டை ஸ்பிரிங் வண்டியில் இழுக்கும்போது பினியன் மூக்கைத் தூக்கும் என்பதால், நிற்கும்போது ஒன்றிரண்டு பாகை தாழ்த்தி வைப்பது என் வழக்கம். யூ போல்ட்டைப் பழையதைப் போடாதீர்கள். புதிதாகப் போட்டு, சில நாள் ஓடிய பிறகு மறுபடியும் முறுக்குங்கள்.

கிரௌன் பினியன் வேலையை அவசரக்காரரிடம் கொடுக்காதீர்கள். இந்த அளவு ஆக்சிலில் பல்லிடை ஆட்டம் 0.13 மி.மீ. முதல் 0.25 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். அதை டயல் கேஜ் வைத்துக் கிரௌனின் மூன்று நான்கு இடங்களில் பார்க்க வேண்டும். பிறகு பல்லில் சாயம் பூசிச் சுற்றி, பதிவு பல்லின் நடுவில் விழுகிறதா என்று பார்க்க வேண்டும். நுனியிலோ அடியிலோ விழுந்தால் ஷிம் (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடு) மாற்றி மறுபடியும் பூட்ட வேண்டும். நான்கு முறை கழற்றிப் பூட்டினாலும் சலிப்படையாத ஆளைத் தேடுங்கள். முதல் 20 கிலோமீட்டர் சுமையின்றி ஓட்டி, கைபொறுக்கும் அளவுக்கு ஆறவிட்டு, மறுபடியும் ஓட்டுங்கள். 800 கிலோமீட்டரில் முதல் எண்ணெயை வடித்துவிடுங்கள். அந்த எண்ணெயில் மினுமினுப்பாகத் தூள் இருப்பது இயல்பு, நகத்தில் நிரடும் அளவுக்குத் துண்டு இருந்தால் உடனே திறந்து பாருங்கள்.

கடைசியாக, ஹவுசிங் மேலுள்ள மூச்சுக்குழல். ஓடிச் சூடான ஆக்சில் பள்ளத்துத் தண்ணீரில் இறங்கியதும் உள்ளிருக்கும் காற்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். எண்ணெய் மோர் நிறத்துக்கு மாறிவிட்டால் புதிய பேரிங்கும் சில மாதங்களில் போய்விடும். அந்த மூச்சுக்குழலில் ஒரு ரப்பர் குழாயை மாட்டி, சேஸிஸுக்கு மேலே, பாடிக்குள் ஏற்றிக் கட்டிவிடுங்கள். பழைய வலப்பக்க ஷாப்ட் முறியவில்லை என்பதற்காக அதை உதிரியாக வண்டியில் வைத்திருக்க வேண்டாம். அதுவும் இரண்டு ஆண்டுகள் அதே நெம்பைத் தாங்கியதுதான், உள்ளே வெடிப்பு தொடங்கியிருக்கலாம். எடைக்குப் போட்டுவிடுங்கள்.

திருமூர்த்தி அடிவாரம் (உடுமலை)

அந்த வலப்பக்க ஷாப்டை இன்று கழற்றி, மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துடைத்து, சுண்ணாம்பு பூசிப் பார்த்தேன், ஐயா. பேரிங் இருக்கையை ஒட்டி, சுற்றளவில் கால் பங்கு நீளத்துக்கு, மெல்லிய எண்ணெய்க்கோடு ஒன்று ஊறி வந்திருக்கிறது.

சங்ககிரி பட்டறை

அதுதான் வெடிப்பு, தம்பி. புதிய ஷாப்ட் வரும் வரை வண்டியை நகர்த்தாதீர்கள்.